இரண்டு கட்டைகளுக்கு நடுவே

நீடில்ஸ் ஊரில், 2006 ஜூலை பதினொன்று.
நிழலிலேயே நாற்பத்தேழு டிகிரி.
நெடுஞ்சாலையைப் பார்த்த என் விடுதிப் பலகையில்
மூன்றே சொற்கள்: அறை, ஏ.சி., நீச்சல்குளம்.
மூன்றாவது சொல்
நேற்றிரவிலிருந்து அலறுகிறது.

ஆறாம் அறையில் ஹார்லன் குவிஸ்ட்.
ஆற்றோரச் சூதாட்ட விடுதிகளின் பியானோக்களுக்குச்
சுருதி சேர்க்க வந்தவர்.
விடியுமுன் கதவைத் தட்டினார்:
"எஃப் ஷார்ப், வெர்னா. கொஞ்சம் தூக்கலாக.
உன் பேரிங் போய்விட்டது."
வாடகையில் பத்து டாலர் குறைக்கச் சொன்னார்.
குறைத்தேன்.

பிரேக்கரை இறக்கினேன்.
இறக்கியதை நம்பாமல் டெஸ்டர் வைத்தும் பார்த்தேன்.
மோட்டாரின் தகடு வெயிலில் வெளுத்து
கரைந்த சோப்பாய் வழுக்கியது.
பென்சில் தூளைத் தேய்க்கத் தேய்க்க
கூப்பிட்ட பூனைகளைப்போல
மனசில்லாமல் வந்தன எண்கள்.
முக்கால் குதிரைசக்தி.
ஓரத்தில், பொடி எழுத்தில், ஒன்று புள்ளி ஆறு ஏழு.
முக்கால் என்பது பெயருக்கு.
இரண்டையும் பெருக்கினால்தான் நிஜம்:
ஒன்றேகால்.

கடையில் லெஸ்டர் பௌம்
இரண்டு குதிரையைத் தள்ளுவண்டியிலேயே ஏற்றிவிட்டான்.
"பெரிசா போடு, கவலையை விடு."
என் குழாய் ஒன்றரை அங்குலம், லெஸ்டர்.
அந்தச் சந்துக்குள் இரண்டு குதிரை
எப்படித் திரும்பும்?
அவன் இறக்கி வைத்தான், முகத்தையும் சேர்த்து.

நான்கு போல்ட்.
இரண்டு வந்தன, ஒன்று கெஞ்ச வைத்தது,
நான்காவதை ரம்பத்தால் அறுத்தேன்.
இம்பெல்லரின் வாயில்
அரைத் துண்டு சூதாட்ட வில்லை, சிவப்பு.
யார் தோற்றதோ.

அதற்குப் பின்னால் சீல்:
ஒரு பீங்கான் வளையம், ஒரு கரி வளையம்,
முகத்தோடு முகம் வைத்துச் சுழல்பவை.
பழையதில் ஒரு மயிரிழைக் கீறல்.
நான் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
பேரிங்கைக் கொன்றது
இந்தக் கீறல் வழியே, இரண்டு கோடையாக,
சொட்டுச் சொட்டாய்ப் போன தண்ணீர்.

புதிய சீலின் முகத்தில் விரல் படக்கூடாது
என்று தாளில் அச்சிட்டிருந்தது.
பட்டது.
முதலுதவிப் பெட்டி ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

தோலில்லாத செம்புக் கம்பியை
பழைய உடம்பிலிருந்து அவிழ்த்துப் புதியதில் முடுக்கினேன்.
மோட்டார் ஓட அது தேவையில்லை.
குளத்துக்குள் இருப்பவர்கள்
உயிரோடு ஏறி வரத் தேவை.

பிரேக்கரைத் தூக்கினேன்.
சோம்பல் மாடாக ஒரு உறுமல், அவ்வளவுதான்.
தொழிற்சாலை வைத்த இருநூற்று முப்பது வோல்ட்டிலேயே
விட்டிருக்கிறேன்;
என் சுவரில் வருவது நூற்றுப் பதினைந்து.
மறுபடி இறக்கி, மூடி திறந்து,
ஒரு சின்னத் திருகை மாற்றி வைத்து,
யாரும் பார்த்தார்களா என்று திரும்பினேன்.
எட்டாம் அறை லாரிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்,
துண்டும் தோளுமாய்.

கூடையில் ஹோஸ் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன்.
மூச்சுத் திணறியது, குமிழி விட்டது,
பிறகு கண்ணாடி மூடிக்குக் கீழே
தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்தது.

ஹார்லன் வந்து காது சாய்த்தார்.
"பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவே.
எந்தப் பியானோவிலும் இதற்குக் கட்டை கிடையாது.
இந்த நாட்டுக் கரண்ட் முனகுவதே இதில்தான்."
மாற்ற முடியுமா என்றேன்.
"எதற்கு? தூங்கலாம்."
பத்து டாலரைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இரவு பத்து மணிக்கு
டார்ச்சும் ஒரு டிஷ்யூ தாளுமாகப் போய்
மோட்டாரும் பம்பும் சேரும் இடுக்கில் செருகிப் பார்த்தேன்.
உலர்ந்திருந்தது.
காலையிலும் பார்ப்பேன்.
என் கட்டைவிரல் பட்ட இடம்
அதற்கு இன்னும் ஞாபகமிருக்கலாம்.